அப்பாயிக்கு வந்தது எனக்கும் வருமா? அல்சைமர் நோயும் மரபணுவும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்தொன்பது தென்னை மரங்கள் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி அதில் பதினாறு சாய்ந்துவிட்டன. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு கணக்குச் சொல்வார்கள். எங்கள் அம்மா இப்போதும் சில நாள் சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறந்து நின்றுகொண்டு, "மரமெல்லாம் எங்கடி?" என்று கேட்பார். புயலில் விழுந்துவிட்டது என்று சொன்னால், இப்போதுதான் விழுந்த மாதிரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு மூன்று தடவை உண்மையைச் சொன்னேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். "காய் பறிக்க ஆள் வருதும்மா, நீ உள்ள வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவேன்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயதில் தொடங்கிய மறதி இது. "வயசானா அப்படித்தான்" என்று இரண்டு வருஷம் நாங்களும் விட்டுவிட்டோம். தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு அல்சைமர் என்று சொன்னபோதுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பதே வீட்டில் பலருக்குத் தெரிந்தது.

போன பொங்கலுக்கு அண்ணன் மகள் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். அடுப்படியில் பால் பொங்கி, எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, அப்பாயிக்கு வந்தது அப்பாவுக்கும் வருமா? எனக்கும் வருமா? ஜீன்ல இருந்தா கண்டிப்பா வரும்னு போட்டிருக்காங்களே." போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். எச்சிலை ஒரு குப்பியில் துப்பி அனுப்பினால் அல்சைமர் மரபணு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருபது வருஷமாக மரபியல் பாடம் எடுக்கிறேன். பட்டாணிச் செடியில் ஆரம்பித்து எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அவளுக்கு அந்த நிமிஷம் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாள் அவகாசம் கேட்டு, படித்து, மருத்துவரிடமும் கேட்டு, அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் இருக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிமென்ஷியா என்பது ஒரு நிலை: ஞாபகம், பேச்சு, கணக்கு, வழி கண்டுபிடிப்பது என்று மூளையின் வேலைகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி, அன்றாடப் பாட்டுக்கே துணை தேவைப்படுகிற நிலை. அதைக் கொண்டுவரும் நோய்கள் பல. காய்ச்சலுக்கு டெங்கு, டைபாய்டு என்று பல காரணம் இருப்பதுபோல. அந்தக் காரணங்களில் பெரும்பங்கு அல்சைமருக்கு.

ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவரிடம் 1901-ல் அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் வந்தார். தன் பெயரைக்கூட முழுதாக எழுத முடியாத நிலை. 1906-ல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர் இரண்டு விஷயங்களைக் குறித்துவைத்தார். நரம்பு செல்களுக்கு வெளியே வண்டல் மாதிரி படிந்த திட்டுகள். செல்களுக்கு உள்ளே சிக்குப் பிடித்த நூல்போன்ற முடிச்சுகள். வெளியே படிவது அமைலாய்டு என்ற புரதம், உள்ளே சிக்கிக்கொள்வது டாவ் என்ற புரதம் என்று பின்னால் தெரிந்தது. நோய் அறிகுறி தெரிவதற்குப் பத்து, பதினைந்து வருஷம் முன்பே அமைலாய்டு படிய ஆரம்பித்துவிடுகிறது. புது ஞாபகங்களைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ஆரம்பத்திலேயே அடிபடுவதால்தான் புதியவை முதலில் போகின்றன, பழையவை நெடுநாள் தங்குகின்றன. எங்கள் அம்மாவிடம் ஒரு மரக்காலைக் கொடுத்துப் பாருங்கள். பேத்தியின் பெயர் வராது. ஆனால் நெல் அளக்கிறபோது "லாபம், ரெண்டு, மூணு" என்று ஒன்று என்ற சொல்லைத் தவிர்த்து லாபத்தில் தொடங்கி அப்படியே எண்ணுவார்.

மதகு உடைவதும் வடிகால் அடைபடுவதும்

மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு. ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிரதி எடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்து மாறிப்போனால் புரதம் கொஞ்சம் வேறு மாதிரி அமையும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில சமயம் ஆகும்.

அல்சைமர் விஷயத்தில் இப்படி மாறின மரபணுக்களில் இரண்டு வகை உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் அண்ணன் மகள் மாதிரி பிள்ளைகள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் இதை நம் ஊர்த் தண்ணீரை வைத்துச் சொல்கிறேன்.

வயலுக்குத் தண்ணீர் வருவது வாய்க்காலில்; மிஞ்சின தண்ணீர் போவது வடிகாலில். வயல் மூழ்குவது இரண்டு விதமாக நடக்கும். மேலே மதகு உடைந்துவிட்டால், கீழே இருக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வயல் மூழ்கியே தீரும். இன்னொன்று, மதகு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கிறது. அப்போது மூழ்குமா? அது அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பொறுத்தது. வயல் மேடா பள்ளமா என்பதைப் பொறுத்தது. யாராவது இறங்கித் தூர்வாரினார்களா என்பதைப் பொறுத்தது.

மூளையில் அமைலாய்டு நம் எல்லாருக்கும் உற்பத்தியாகிறது. ஏபிபி என்ற ஒரு நீளமான புரதத்தை இரண்டு கத்தரிகள் அடுத்தடுத்து வெட்டும்போது விழும் துண்டுதான் அது. நல்லபடியாக இருக்கும் மூளை அதை அப்பப்போது கழுவி வெளியே அனுப்பிவிடும். ஏபிபி மரபணு 21-வது குரோமோசோமில் இருக்கிறது. இரண்டாவது கத்தரியின் வெட்டும் பாகம்தான் ப்ரிசெனிலின். அதற்கு ப்ரிசெனிலின்-1 (14-வது குரோமோசோம்), ப்ரிசெனிலின்-2 (1-வது குரோமோசோம்) என்று இரண்டு மரபணுக்கள். இந்த மூன்றில் ஒன்றில் குறிப்பிட்ட சில பிழைகள் விழுந்தால், பிசுபிசுப்பு அதிகமான நீளத் துண்டின் பங்கு பிறந்ததிலிருந்தே கூடிவிடுகிறது. இதுதான் மதகு உடைவது. இந்தப் பிழை ஒரே ஒரு பிரதியில் இருந்தாலே போதும், ஏறக்குறைய உறுதியாக நோய் வரும். அதுவும் முப்பது, நாற்பது, ஐம்பது வயதிலேயே வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர்களுக்கு 21-வது குரோமோசோம் மூன்று இருக்கும். ஏபிபி மரபணுவும் மூன்று. அதனால்தான் அவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் நாற்பது வயதுக்குள் மூளையில் அமைலாய்டு படிந்துவிடுகிறது. அமைலாய்டின் பங்கு என்ன என்று விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த முதல் தடயங்களில் இதுவும் ஒன்று.

இந்த வகை எப்படிப் பிடிபட்டது என்பது ஒரு பள்ளி ஆசிரியையின் கதை. இங்கிலாந்தில் கேரல் ஜென்னிங்ஸ் என்பவருடைய அப்பாவுக்கும், அப்பாவுடன் பிறந்தவர்கள் சிலருக்கும் ஐம்பதுகளிலேயே இந்த நோய் வந்தது. இது தற்செயலாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. 1980-களின் நடுவில் லண்டன் ஆராய்ச்சியாளர்களுக்குக் குடும்ப வரலாற்றை எழுதி ஒரு கடிதம் போட்டார். அந்தக் குடும்பத்தாரின் ரத்தத்தை வைத்து 1991-ல் ஜான் ஹார்டி குழு ஏபிபி மரபணுவில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தது. கேரல் தனக்கு அந்தப் பிழை இருக்கிறதா என்று கடைசிவரை சோதித்துப் பார்க்கவே இல்லை. ஐம்பதுகளில் அவருக்கும் நோய் வந்தது, 2024-ல் இறந்தார்.

ஆனால் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். உலகத்தில் அல்சைமர் வந்தவர்கள் எல்லாரையும் எடுத்துக்கொண்டால் இந்த "மதகு உடைந்த" வகை நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான். எழுபது வயதுக்கு மேல் தொடங்கிய எங்கள் அம்மாவின் நோய் இந்த வகையாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. அறுபதைத் தாண்டி மறதி வந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

இ4 என்ற வடிகால்

மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு என்ன? இங்கேதான் ஏபிஓஇ என்ற மரபணு வருகிறது. 19-வது குரோமோசோமில் இருக்கிறது. அது செய்யும் புரதம் ரத்தத்திலும் மூளையிலும் கொழுப்பைச் சுமந்துபோகும் வண்டி. நரம்பு செல்களுக்கு வேண்டிய கொலஸ்டிராலைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு, அமைலாய்டை அப்புறப்படுத்தும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு.

இந்த மரபணுவில் மூன்று ரகம்: இ2, இ3, இ4. நம் ஊரில் குறுவைக்கு ஒரு ரகம், சம்பாவுக்கு ஒரு ரகம் என்று இருந்தாலும் எல்லாம் நெல்தானே, அப்படி மூன்றுமே இயல்பான ரகங்கள்தான். எதுவும் ஊனம் கிடையாது. 299 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் 112-வது, 158-வது என்ற இரண்டே இடங்களில்தான் வித்தியாசம். உலகெங்கும் பெரும்பாலோரிடம் இருப்பது இ3. அதற்கும் இ4-க்கும் நடுவில் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறு. அந்த ஒன்று மாறியதில் வண்டியின் வடிவமே கொஞ்சம் மாறி, அமைலாய்டை வெளியேற்றும் வேலை மந்தப்படுகிறது. இ2 இருந்தால் நேர்மாறாக, நோய் வரும் வாய்ப்பு குறைகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழு 1993-ல் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. கொழுப்புக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். அவர்கள் பார்த்தது முதுமையில் அல்சைமர் பலருக்கு வந்திருந்த குடும்பங்களை. இ4 இல்லாதவர்களுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 84. இ4 இரண்டு பிரதி இருந்தவர்களுக்கு 68. பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் இதன் அடிப்படையை உறுதிசெய்தன. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்தவற்றில், இ3 இரண்டு உள்ளவரோடு ஒப்பிட்டால், ஒரு இ4 உள்ளவருக்கு வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, இரண்டு இ4 உள்ளவருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மடங்கு.

"மூன்று மடங்கு" என்று கேட்டதும் அண்ணன் மகளின் முகம் மாறியது. மடங்கு என்பது எதிலிருந்து மடங்கு என்று கேட்கப் பழக வேண்டும். அறுபத்தைந்து வயதில் ஆயிரத்தில் சிலருக்கு வருகிற ஒன்று மூன்று மடங்கானாலும் இன்னும் ஆயிரத்தில் சிலர்தான். எண்பத்தைந்து வயதில் அடிப்படையே உயர்ந்துவிடுவதால் அதே மடங்கு பெரியதாகத் தெரியும். இந்த நோய்க்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வயதுதான். அப்புறம், இ4 இருந்தும் தொண்ணூறு வயதுவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு. அல்சைமர் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களிடம் இ4 கிடையவே கிடையாது. வடிகால் அடைபட்டும் மூழ்காத வயலும் உண்டு, வடிகால் நன்றாக இருந்தும் பெருமழையில் மூழ்கிய வயலும் உண்டு.

இந்தியாவில் என்ன நிலை? ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களையும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பகுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2000-ல் வந்தது. பல்லப்கரில் இ4 குறைவாக இருந்தது. ஆனால் இ4 உள்ளவர்களுக்கு நோயோடு இருந்த தொடர்பு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. நைஜீரியாவின் இபாதான் நகரில் நேர் மாறாக, இ4 பலரிடம் இருந்தும் அதன் தாக்கம் மெலிந்தே தெரிந்தது. ஒரே விதை வேறு மண்ணில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அதனால் வெள்ளைக்காரர்களை வைத்துப் போட்ட மடங்குக் கணக்கைத் திருவாரூர்க்காரர்மேல் அப்படியே ஒட்டிவிடக் கூடாது.

ஏபிஓஇ-க்கு அப்புறமும் மரபணுக்கள் இருக்கின்றன. 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மரபுத்தொகுதியில், அதாவது நம் டி.என்.ஏ முழுவதிலும், 75 இடங்கள் அல்சைமரோடு தொடர்புடையவை என்றது. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் தள்ளும் தள்ளு மிகச் சிறியது, பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. டிரெம்-2 என்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூளையில் குப்பை அள்ளும் காவல் செல்கள் அதை வைத்துத்தான் குப்பையை உணர்கின்றன. அதில் வரும் ஓர் அரிய மாற்றம் இ4 அளவுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. இதுவும் பாருங்கள், வடிகால் பிரச்சினைதான்.

அண்ணன் மகளின் கணக்கு

நோட்டில் ஒரு கோடு போட்டு அவளுக்குக் காட்டியது இது. அம்மாவுக்கு ஒரு இ3, ஒரு இ4 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதிக்கவில்லை, சும்மா வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குக் கொடுப்பது இரண்டில் ஒன்று. அண்ணனுக்கு இ4 வந்திருக்க வாய்ப்பு பாதி. அவரிடமிருந்து அவளுக்கு வந்திருக்க அதில் பாதி, அதாவது கால் பங்கு. நான்கில் மூன்று வாய்ப்பு, அப்பாயியின் இ4 அவளிடம் வரவே இல்லை. வந்திருந்தாலும் அது நோய் கிடையாது. வடிகாலில் கொஞ்சம் பாசி.

உடனே அவள் கேட்ட அடுத்த கேள்வி எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்பது. "அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டியவங்களாச்சே?" என் அண்ணி எங்களுக்கு மாமன் மகள், அம்மாவின் அண்ணன் மகள். சொந்தத்தில் கல்யாணம் செய்தால், இரண்டு பிரதியும் கெட்டால்தான் வருகிற நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து கூடுகிறது, அது உண்மை. மேலே சொன்ன மதகு வகைக்கு ஒரு பிரதியே போதும் என்பதால் சொந்தம், அன்னியம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இ4 விஷயத்தில், ஒரே பாட்டியின் இ4 இரண்டு வழியாகவும் இறங்கி ஒரு பிள்ளையிடம் இரண்டு பிரதியாகச் சேர வாய்ப்பு கொஞ்சம் கூடும். அவ்வளவுதான். அண்ணியை இதற்காக யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மறதி வந்த மாமியாரை இரவு பகலாகப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

இன்னொரு செய்தியும் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது: "அல்சைமர் 60-லிருந்து 80 சதவீதம் மரபு வழி." இரட்டையர்களை வைத்து ஸ்வீடனில் செய்த ஆய்வு ஒன்று 2006-ல் இந்த மாதிரி எண்களைத் தந்தது. எண் சரி, அதைப் படிக்கிற விதம் தப்பு. ஒரே தெருவில் பத்து வயல். எல்லாவற்றுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே உரம், ஒரே நாளில் நடவு. மகசூலில் வித்தியாசம் வந்தால் அது ஏறக்குறைய முழுக்க விதை ரகத்தால் வந்ததாகத்தான் இருக்கும். அதற்காகத் தண்ணீர் முக்கியமில்லை என்று யாராவது சொல்வார்களா? மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்காத வருஷம் குறுவைக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அந்த சதவீதம், ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் மரபின் பங்கைச் சொல்கிறது. உங்களுக்கு வரும் வாய்ப்பு 80 சதவீதம் என்று அதற்கு அர்த்தமே இல்லை.

சோதித்துப் பார்க்கலாமா?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நோய் அறிகுறி எதுவும் இல்லாத ஒருவர், போனில் விளம்பரம் பார்த்து, தனியாக உட்கார்ந்து ஏபிஓஇ சோதனை செய்துகொள்ள வேண்டாம். இ4 இருக்கிறது என்று வந்தால் அதை மாற்ற மருந்து இல்லை, பயம் மட்டும் தங்கிவிடும். இ4 இல்லை என்று வந்தால் நோய் வராது என்று அர்த்தமும் இல்லை. உங்கள் முடிவு உங்களுடையது மட்டும் கிடையாது, கூடப் பிறந்தவர்களைப் பற்றியும் அது ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. டி.என்.ஏ-வின் அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் தன் முழு மரபுத்தொகுதியையும் உலகத்துக்கு வெளியிடச் சம்மதித்தவர். அவரே ஏபிஓஇ பகுதியை மட்டும் மறைத்துவிடச் சொன்னார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது.

இதற்கு விலக்கு உண்டு. வீட்டில் தலைமுறை தலைமுறையாக, அறுபது வயதுக்கு முன்பே இரண்டு மூன்று பேருக்கு இப்படி மறதி வந்திருந்தால் அது மதகு வகையாக இருக்கலாம். அவர்கள் மரபியல் ஆலோசனை தரும் இடத்துக்குப் போக வேண்டும். வேலூர் சிஎம்சியிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் அந்த வசதி இருக்கிறது. சோதனைக்கு முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்து பேசுவதுதான் அங்கே முக்கியமான சிகிச்சை. அதேபோல நோய் உறுதியானவர்களுக்கு லெக்கானெமாப் மாதிரி அமைலாய்டை நீக்கும் புது மருந்துகளை யோசிக்கும்போது மருத்துவரே ஏபிஓஇ பார்க்கச் சொல்வார். இரண்டு இ4 உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் மூளையில் வீக்கமும் கசிவும் வரும் ஆபத்து அதிகம்.

மரபணு சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் வேறே இருக்கின்றன, அதில்தான் நாங்கள் தவறவிட்டோம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம், கீழே விழுந்ததில் தலைக்குள் கட்டிய ரத்தம் ஆகிய எல்லாமே மறதியாக வரும். இவற்றைச் சரிசெய்யவும் முடியும். அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. இருந்திருந்தால் அந்த இரண்டு வருஷத்துக்கு நாங்கள் யாருக்குப் பதில் சொல்லியிருப்போம்? மறதி தொடங்கிய மாதமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

தூர்வாருவது

கொலம்பியா நாட்டில் அந்தியோக்கியா என்ற மலைப் பகுதியில் ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான உறவினர்கள். ப்ரிசெனிலின்-1 மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு நாற்பத்தைந்து வயது வாக்கிலேயே மறதி தொடங்கிவிடும். தங்களுக்கு யாரோ சாபம் விட்டுவிட்டார்கள் என்று நெடுங்காலம் அங்கே நம்பினார்கள். நம் ஊரிலும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரான்சிஸ்கோ லொபேரா என்ற மருத்துவர் 1980-களில் தொடங்கி, 2024-ல் இறக்கும்வரை அந்தக் குடும்பங்களோடு வாழ்ந்து ஆராய்ந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு அதே பிழை இருந்தது, ஆனால் எழுபது வயதுவரை மறதி வரவில்லை. அவர் மூளையில் அமைலாய்டு குவிந்து கிடந்தது. டாவ் மட்டும் அதிகம் பரவவில்லை. காரணம் தேடியபோது அவருடைய ஏபிஓஇ-யில் இன்னோர் அரிய மாற்றம், கிறைஸ்ட்சர்ச் என்ற பெயருள்ளது, இரண்டு பிரதியிலும் இருந்தது. 2019-ல் இது வெளியானது. மதகு உடைந்த வயலைக்கூட ஒரு நல்ல வடிகால் இருபத்தைந்து வருஷம் காப்பாற்றியிருக்கிறது. மருந்து தேடுகிறவர்கள் இன்றைக்கு அந்த ஒரு பெண்ணைப் பின்பற்றித்தான் ஒரு புது வழியில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

நமக்கு அப்படி ஒரு மரபணு வாய்க்காது. ஆனால் தூர்வார முடியும். லான்செட் இதழின் நிபுணர் குழு 2024-ல் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அவற்றை எல்லாரிடமும் சரிசெய்ய முடிந்தால் உலகில் வரும் டிமென்ஷியாவில் 45 சதவீதம் அளவுக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொலஸ்டிரால், புகை, குடி, உடல் உழைப்பின்மை, தலைக்காயம், காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை என்று அந்தப் பட்டியல் போகிறது. சிறுவயதில் பள்ளிக்கூடம் போகாததும் அதில் ஒன்று. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023-ல் வந்த தேசிய ஆய்வு சொல்கிறது. அதில் பெண்களும், கிராமத்தவர்களும், படிப்பு இல்லாதவர்களும் அதிகம்.

அதைப் படித்தபோது அம்மாவைத்தான் நினைத்தேன். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அறுபது வயதிலிருந்தே காது மந்தம். நாங்கள் சத்தம் போட்டுப் பேசிப் பார்த்து, அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டோம். காது மிஷின் வாங்கிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இ4 இருந்ததோ இல்லையோ, இவை இருந்தன.

இ4 உள்ளவர்களுக்கு இதெல்லாம் பயன்படுமா என்ற கேள்வி நியாயமானது. பின்லாந்தில் ஆபத்து கூடுதலாக இருந்த 1,260 முதியவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு என்று இரண்டு வருஷம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களின் சிந்தனைத் திறன் நன்றாக இருந்தது. இ4 உள்ளவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது.

பொங்கல் முடிந்து அவள் கிளம்புகிற அன்று இரண்டு பேரும் ஒரு பெரிய தாளில் குடும்ப மரத்தை வரைந்தோம். யார், எத்தனை வயதுவரை, என்ன நோய். அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாச்சி, எண்பதைத் தாண்டியும் யார் எவ்வளவு நெல் பாக்கி என்று சொன்னவர். சித்திக்கு எழுபது, தெளிவாக இருக்கிறார். பெரிய மாமா அறுபதில் பக்கவாதத்தில் போனார். சின்ன மாமாவுக்குச் சர்க்கரை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்ததே நோய் வந்தபின்தான் தெரியும். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது மறதி ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ரத்த அழுத்தம் ஐந்து இடத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்தபோது அண்ணனுக்கு 160-க்கு 100. ஒரு வருஷம் முன்பே மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தலை சுற்றல் நின்றதும் அவராக நிறுத்தியிருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து போன் வந்தால் அவள் முதலில் கேட்பது, "அப்பா மாத்திரை போட்டாச்சா?" அப்பாயியிடம் போனைக் கொடுப்பது அதற்கு அப்புறம்தான்.